10 மி.மீ. இரும்பு ஃபிளாட்டில் எம்6 மரை: டிரில் பிட் எது, டேப் எது, எண்ணெய் எது?

காவிரிக்கரை:
வணக்கம். கத்தி, உளி தீட்டுவதற்குச் சின்னதாக ஒரு பெல்ட் கிரைண்டர் செய்துகொண்டிருக்கிறேன். மர வேலை ஓரளவு வரும், இரும்பு வேலை புதிது. ஹேக்ஸாவில் அறுப்பதும் அரம் போடுவதும் பழகிவிட்டது. வெல்டிங் வைக்காமல் எல்லாப் பாகத்தையும் கழற்றி மாட்டும்படி போல்ட்டிலேயே பிடிக்க ஆசை.

50×10 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) ஃபிளாட்டில், அதாவது பட்டையில், எட்டு இடத்தில் எம்6 (6 மி.மீ. போல்ட்) மரை வேண்டும், எல்லாம் த்ரூ ஹோல், மறுபக்கம் வரை போகும் ஓட்டை. 25 மி.மீ. சதுரக் கம்பியின் முனையில் எம்8 ஒன்று, அது பிளைண்ட் ஹோல், மறுபக்கம் வராமல் உள்ளேயே நிற்கும் ஓட்டை. கையில் இருப்பது 13 மி.மீ. கை டிரில், பெஞ்ச் வைஸ், சென்டர் பஞ்ச், வெர்னியர். பில்லர் டிரில் (தூணில் நிற்கும் டிரில் மெஷின்) இல்லை. தெரிந்தவர் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை கேட்டால் விடுவார்.

எம்6க்கு ஓட்டை எத்தனை மி.மீ.? ஒருவர் 5 என்கிறார், இன்னொருவர் 5.2 என்கிறார். கடையில் டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) கேட்டேன், ஒரு டப்பாவில் மூன்று கொடுத்தார்கள். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. எதை எப்போது போடுவது?

நட்டு_போல்ட்டு:
எட்டு ஓட்டைக்கு இவ்வளவு யோசனையா? அதே பட்டறையில் கொடுங்கள், டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுத் தருவார்கள்.

காவிரிக்கரை:
தருவார்கள் அண்ணா. அடுத்த வேலைக்கும் அங்கேயே போய் நிற்க வேண்டும். கற்றுக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

பழைய_பிட்டர்:
தம்பி, மரை நன்றாக வருமா, டேப் உடையுமா என்பதெல்லாம் டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே முடிவாகிவிடும். ஓட்டையின் அளவு சரி, ஓட்டை நேராக இருக்கிறது என்றால் மீதி பொறுமைதான்.

அளவுக்கு மனப்பாடம் வேண்டாம். போல்ட்டின் விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழியுங்கள். ஒரு மரையின் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் உள்ள தூரம்தான் பிட்ச். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்6க்கு பிட்ச் 1 மி.மீ., ஆகவே 5. எம்8க்கு 1.25, கழித்தால் 6.75, அதற்கு 6.8 பிட் விற்கிறது. எம்10க்கு 1.5, ஓட்டை 8.5. எம்5க்கு 4.2, எம்4க்கு 3.3, எம்3க்கு 2.5. எம்12க்கு 10.2 போடுவோம். இதெல்லாம் கோர்ஸ் பிட்ச், அதாவது வழக்கமான அகல மரை. வண்டிகளில் எம்10 × 1.25 மாதிரி ஃபைன் (நெருக்கமான) மரையும் வரும், அதற்கு 8.8. டேப்பின் கழுத்தில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

டப்பாவில் உள்ள மூன்றுக்கு வருகிறேன். கழுத்தில் வளையமாகக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஒரு கோடு ஃபர்ஸ்ட், இரண்டு கோடு செகண்ட், கோடே இல்லாதது தேர்ட். இந்த வகையில் முதல் இரண்டும் முழு அளவுக்கு வெட்டாது, தேர்ட் போன பிறகுதான் போல்ட் நுழையும். எதிலுமே கோடு இல்லாத செட்டும் உண்டு. அதில் பெரும்பாலும் மூன்றும் ஒரே விட்டம், முனையில் உள்ள சரிவு மட்டும் வேறு: ஃபர்ஸ்டில் ஏழெட்டு மரை சரிந்திருக்கும், செகண்டில் நாலைந்து, தேர்டில் ஒன்றிரண்டு. அந்த வகையாக இருந்தால் த்ரூ ஹோலுக்கு ஃபர்ஸ்டை முழுக்க இறக்கினாலே வேலை முடிந்தது. செகண்டும் தேர்டும் பிளைண்ட் ஹோலுக்குத்தான் தேவைப்படும்.

இன்னொன்று, இது புதியவர்கள் அடிக்கடி விடுவது. இரண்டு பாகத்தைப் பிணைக்கும்போது மரை ஒன்றில் மட்டும்தான். மேல் பாகத்தில் போல்ட் தடையில்லாமல் நுழைய வேண்டும்: எம்6க்கு 6.6, எம்8க்கு 9. இரண்டிலும் மரை போட்டால், நடுவில் மயிரிழைச் சந்து விழுந்தாலும் எவ்வளவு முறுக்கினாலும் அந்தச் சந்து மூடாது. எட்டு இடமும் பொருந்த வேண்டுமென்றால் இரண்டு ஃபிளாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து சி கிளாம்ப் போட்டு, சேர்த்தே 5-இல் துளையுங்கள். பிரித்த பிறகு மேல் துண்டை 6.6க்குப் பெரிதாக்குங்கள், கீழ்த் துண்டில் டேப். பிரிப்பதற்கு முன் இரண்டிலும் ஒரே மூலையில் பஞ்ச் குத்தி வையுங்கள், பிறகு எது எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம்.

கடைசல்_பட்டறை:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் கையால் டேப் போடுகிறவருக்கு நான் 5.2 என்றுதான் சொல்வேன். மரையின் உயரம் முழுசாக வந்தால் அதை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. ஓட்டையில் எம்6 டேப் போட்டால் சுமார் 77 சதவீதம் கிடைக்கும். 5.1 என்றால் 69, 5.2 என்றால் 61 வாக்கில். கேட்பவர்கள் 61-ஆ என்று பயப்படுவார்கள். 10 மி.மீ. கனத்தில் 1 மி.மீ. பிட்ச் என்றால் பத்து மரை கடிக்கிறது. இரும்பில் போல்ட்டின் விட்டம் அளவுக்கு ஆழம் கடித்தாலே போதுமானது, இங்கே அதைவிட அதிகம். முறுக்கினால் போல்ட் கழுத்தில் அறுமே தவிர மரை உரியாது. ஓட்டையைச் சின்னதாக்கினால் பிடிப்பு கொஞ்சம்தான் கூடும், டேப் மேல் விழும் பாரம் பல மடங்கு ஏறும். உடைந்த எம்6 டேப்பை வெளியே எடுக்கிற வேலையை ஒரு முறை பார்த்தவர் 5.2க்கு வந்துவிடுவார்.

பழைய_பிட்டர்:
5.2 போட்டால் கை டிரிலில் அது 5.3 ஆகும். அப்புறம் நட்டு ஆடுகிற மாதிரி ஆடும். ஐடிஐ-யில் 5 என்று சொல்லித்தருவது சும்மா இல்லை.

கடைசல்_பட்டறை:
ஐடிஐ-யில் பில்லர் டிரிலும் இருக்கும், பக்கத்தில் வாத்தியாரும் நிற்பார் அண்ணா.

டூல்ரூம்_கலை:
இரண்டு பேரும் பிட்டின் மேல் எழுதியிருப்பதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஓட்டை எத்தனை இருக்கிறது என்பதுதானே கேள்வி? கை டிரிலில் 5 மி.மீ. பிட் போட்டால் பெரும்பாலும் ஓட்டை கொஞ்சம் பெரிதாகவே வரும். பிட்டின் இரண்டு உதடும் (வெட்டும் விளிம்பு) சமமாகத் தீட்டப்படவில்லை என்றால் இன்னும் பெரிதாகும். அதனால் கை டிரிலில் 5 பிட் போடுபவரும், நல்ல பில்லர் டிரிலில் 5.1 போடுபவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

சின்ன ஓட்டைக்குள் வெர்னியர் தாடையை விட்டு அளக்காதீர்கள், அது குறைத்தே காட்டும். புது டிரில் பிட்டின் பின்பக்கம் நல்ல கேஜ் (அளவு பார்க்கும் கருவி). 5.1 பிட்டின் வழுவழுப்பான பக்கத்தை நுழைத்துப் பாருங்கள், 5.2-ஐயும் பாருங்கள். எது போகிறது, எது நிற்கிறது என்று தெரிந்தால் உங்கள் மெஷின் எவ்வளவு பெரிதாக்குகிறது என்பதும் தெரிந்துவிடும். முதலில் கழிவுத் துண்டு ஒன்றில் செய்யுங்கள். 50×10-இல் ஒரு ஓரத்துண்டு கிடக்காமலா இருக்கும்?

இப்போது துளைப்பது பற்றி. குறிக்கும்போது ஸ்கிரைபரில் இழுத்த இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பஞ்ச்சின் முனையை வைத்து மெதுவாக நகர்த்துங்கள், கோட்டின் பள்ளத்தில் முனை விழுவது விரலுக்குத் தெரியும். முதலில் லேசாக ஒரு தட்டு. குனிந்து பாருங்கள். தள்ளியிருந்தால் பஞ்ச்சைச் சாய்த்துத் தட்டி இழுத்துவிடலாம். சரியாக இருந்தால் மட்டும் பலமாக ஒரே அடி.

சாதாரண பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி. அதன் நடுவில் உளி மாதிரி ஒரு சின்ன விளிம்பு இருக்கும், அது வெட்டாது, அமுக்கும். பஞ்ச் குழி அதைவிடச் சின்னதாக இருந்தால் பிட் மேலேறி வழுக்கும். 135 டிகிரி ஸ்பிளிட் பாயின்ட் பிட் அவ்வளவு வழுக்காது, கை டிரிலுக்கு அதுதான் நல்லது. 5 மி.மீ.க்கு முன்னோட்டமாகச் சின்ன ஓட்டை போடத் தேவையில்லை. எம்8, எம்10 போகும்போது 3 மி.மீ.யில் ஒன்று போட்டுக்கொண்டால் அமுக்க வேண்டிய பலம் குறையும்.

வேகம்: எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட், எம்எஸ் இரும்பு என்றால் விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் ஓடலாம். 5 மி.மீ.க்கு அது 1500 சுற்று வாக்கில், 6.8க்கு 1100 சொச்சம், 10-க்கு 800. விட்டம் கூடினால் வேகம் குறைய வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் பட்டனை முழுக்க அமுக்குகிறார்கள், பிட் நீலம் பாய்ந்த பிறகு பிட் மட்டம் என்கிறார்கள்.

வேலை சரியாகப் போகிறதா என்பதைச் சீவலைப் பார்த்தே சொல்லலாம். இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே மாதிரி சுருள் வந்தால் இரண்டு உதடும் வெட்டுகின்றன. ஒரு பக்கம் மட்டும் சுருளும் மறுபக்கம் தூளும் வந்தால் தீட்டியது கோணல், ஓட்டை பெரிதாகப் போகிறது. சீவலே இல்லாமல் கீச்சென்று கத்தினால் நிறுத்துங்கள். அது வெட்டவில்லை, தேய்க்கிறது. அமுக்கம் போதவில்லை, அல்லது பிட் மழுங்கிவிட்டது.

மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் அமுக்கத்தைக் குறையுங்கள். அங்கேதான் பிட் கடித்து இழுக்கும். துளைத்து முடித்ததும் பெரிய பிட் ஒன்றாலோ கவுன்டர்சிங்க் பிட்டாலோ வாயை 6.5 வரைக்கும் லேசாகச் சாய்த்துவிடுங்கள், இரண்டு பக்கமும். டேப் நேராக உட்கார அது உதவும். மரை வெட்டும்போது வாயில் இரும்பு மேடாகப் பிதுங்காது, மேல் துண்டும் பதிந்து உட்காரும்.

நட்டு_போல்ட்டு:
டீ ஆறிவிட்டது மேடம் 🙂 ஆனால் நல்ல விளக்கம். பிட்டின் பின்பக்கம் கேஜ் என்பது எனக்கும் புதுசு.

ஷிஃப்ட்_பி:
யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். டிரில் ஓடும்போது துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். சீவலில் ஒரு நூல் சிக்கினால் கையுறையோடு விரலும் போகும். லுங்கியில் பட்டறை வேலை பார்க்கும் அண்ணன்மார் கோபித்துக்கொள்ளக் கூடாது, குனியும்போது தொங்கும் முனையும் அதே கதைதான். கண்ணாடி போடுங்கள். ஃபிளாட்டை ஒரு கையில் பிடித்து மறு கையில் டிரில் பிடிக்கிற வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், பிட் கடித்துக்கொண்டால் அந்தத் துண்டு விசிறியாகச் சுற்றும். சீவலைக் கையால் எடுக்காமல் பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டப்பாவில் இருப்பது கோடு போட்ட வகைதான், ஒன்று, இரண்டு, வெறும் கழுத்து. கை டிரிலிலேயே நேராகத் துளைக்க வழி உண்டா? ஞாயிறு வரை காத்திருக்க மனசில்லை.

கடைசல்_பட்டறை:
உண்டு. 20 மி.மீ. கனத்தில் ஒரு இரும்புக் கட்டை எடுத்து, அந்தப் பட்டறையின் பில்லர் டிரிலில் நேராக ஒரு 5 மி.மீ. ஓட்டையும் ஒரு 6.1 ஓட்டையும் போட்டு வாங்கி வாருங்கள். 5 ஓட்டை டிரில் பிட்டுக்கு வழிகாட்டி. மரை போட வேண்டிய இடத்தில் கட்டையை வைத்து கிளாம்ப் போட்டால் பிட் சாயவே முடியாது. 6.1 ஓட்டை டேப்புக்கு வழிகாட்டி. இந்தக் கட்டையை எடுத்துவைத்தால் காலத்துக்கும் உதவும்.

அதற்கும் ஞாயிறு வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பது வேறு விஷயம்.

பழைய_பிட்டர்:
பில்லர் டிரில் கிடைக்கும் நாளில் இன்னொரு வசதி. துளைத்து முடித்ததும் வேலைத் துண்டை அசைக்காமல், மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிட்டுக்குப் பதில் டேப்பைச் சக்கில் மாட்டுங்கள். சக்கைக் கையால் சுற்றி, இன்னொரு கையால் நெம்பியை லேசாக இறக்கிக்கொண்டே இரண்டு மூன்று சுற்று ஓட்டுங்கள். டேப் ஓட்டைக்கு நேராக நட்டுக்கொள்ளும். பிறகு சக்கைத் தளர்த்திவிட்டு டேப் ரென்ச்சில் (டேப்பைப் பிடித்துத் திருப்பும் கைப்பிடி) தொடரலாம்.

கையாலேயே தொடங்குவதானால் முதல் இரண்டு சுற்றுக்கு மட்டும் மேலிருந்து அமுக்க வேண்டும். உள்ளங்கையை ரென்ச்சின் நடுவில் வைத்து அமுக்கியபடி திருப்புங்கள். பிடித்துக்கொண்டதும் நிறுத்தி, மூலைமட்டத்தை டேப்புக்குப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரில் பாருங்கள். ஒரு திசையில் பார்த்தால் போதாது, கால் சுற்று தள்ளி வந்து இன்னொரு முறை. சாய்வு தெரிந்தால் இந்த நேரத்தில் மட்டும்தான் திருத்த முடியும். நாலு மரை இறங்கிய பிறகு நேராக்க நினைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் டேப் ஒடியும்.

நட்டுக்கொண்ட பிறகு அமுக்கவே கூடாது, அது தானாக இறங்கும். இரண்டு கையிலும் சமமாகப் பிடித்து அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னால் திருப்பும்போது கடக் என்று ஒரு சின்ன அறுபடல் கைக்குத் தெரியும், சீவல் துண்டாவது அது. அது வந்தால் மறுபடி முன்னே.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் சொல்லும். ரென்ச்சைத் திருப்பியதும் டேப் கூடவே வந்தால் சரி. கை திரும்புகிறது, டேப் முனை திரும்பவில்லை, கையை விட்டால் ரென்ச் கொஞ்சம் தானாகத் திரும்பி வருகிறது என்றால் டேப் ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு பலம் கொடுத்தாலும் முடிந்தது. பின்னால் எடுத்து முழுக்க வெளியே கழற்றி, பள்ளத்தில் அடைத்திருப்பதைத் துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி போடுங்கள். எம்6 ரென்ச்சுக்கு நீளக் கைப்பிடி வேண்டாம். பெரிய ரென்ச் மாட்டினால் அந்த முறுக்கு கைக்கே எட்டாது.

பால்_டேங்க்:
எண்ணெய் எது என்று தலைப்பில் கேட்டிருக்கிறார், யாரும் தொடவில்லையே. நான் தேங்காய் எண்ணெய்தான் விடுவேன்.

கடைசல்_பட்டறை:
அதைக் கேட்டால் இங்கே சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும். தாவர எண்ணெய் உரசும் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குறை என்னவென்றால் துடைக்காமல் விட்டால் பிசுக்காகிவிடும். கட்டிங் ஆயில் என்றே கேட்டு வாங்கினால் அது எல்லாவற்றையும்விட மேல், ஒரு சின்ன டப்பா ஆயுசுக்கும் வரும். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்களே, அதில் ஏற்கெனவே இரும்புத் துகள் மிதக்கும். ஒன்றுமே இல்லாததற்கு புது என்ஜின் ஆயில் பரவாயில்லை.

அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், அல்லது டபிள்யூடி-40. பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் எதுவும் வேண்டாம். வார்ப்பிரும்பில் எண்ணெய் விட்டால் தூளோடு சேர்ந்து களிம்பாகி டேப்பைப் பிடிக்கும்.

டூல்ரூம்_கலை:
பித்தளையைத் துளைக்கும்போது மட்டும் கவனம். கூர்மையான புது பிட் அதில் திருகு போலத் தானாக இறங்கிக் கடித்துக்கொள்ளும். வெட்டும் உதட்டை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தட்டையாக்கிக்கொண்டால் இழுக்காது.

பால்_டேங்க்:
நான் வேலை பார்ப்பது 304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). அதற்குத் தனியாக ஏதாவது சொல்லுங்கள். எம்எஸ் மாதிரி நினைத்துப் போனால் நடுவில் நின்றுவிடுகிறது.

டூல்ரூம்_கலை:
304 தேய்த்தால் இறுகும். பிட் வெட்டாமல் அதே இடத்தில் சுற்றினால் அந்தத் தோல் கெட்டியாகி, அடுத்து எந்த பிட்டும் ஏறாது. அதனால் எம்எஸ்ஸில் பாதிக்கும் கீழான வேகம், 5 மி.மீ.க்கு 600 சொச்சம் சுற்று, விடாத அமுக்கம், நிறைய எண்ணெய். கோபால்ட் கலந்த பிட் இருந்தால் நல்லது. சென்டர் பஞ்ச்சைக்கூட ஒரே அடியாக அடியுங்கள், பல முறை தட்டினால் அங்கேயே இறுகும். எஸ்எஸ்ஸுக்கு எம்6 ஓட்டை 5.1, 5.2 என்பதில் எனக்கும் கடைசல் அண்ணனுக்கும் சண்டையே இல்லை.

புது_ஆளு:
கார்ட்லெஸ் டிரிலில் கிளட்ச்சைக் குறைத்து வைத்து டேப்பை ஓட்டலாமா? வீடியோக்களில் சர்ரென்று போகிறதே.

கடைசல்_பட்டறை:
அவர்கள் கையில் இருப்பது மெஷின் டேப். கன் டேப் என்று கேட்டால் கிடைக்கும், முனையில் பள்ளம் சாய்வாக வெட்டியிருக்கும், சீவலை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால் த்ரூ ஹோலுக்குப் பின்னால் திருப்பாமல் ஓட்டலாம். பள்ளம் முழுக்கச் சுழலாகப் போகும் ஸ்பைரல் டேப் சீவலை மேலே கொண்டுவரும், அது பிளைண்ட் ஹோலுக்கு. டப்பாவில் மூன்றாக வரும் கை டேப்பில் பள்ளம் நேராக இருக்கும், சீவல் அங்கேயே அடையும். அதை கார்ட்லெஸ்ஸில் போட்டால் டேப் கடைக்காரருக்குத்தான் லாபம்.

கடை என்றதும் ஒன்று. டேப் வாங்கும்போது எச்எஸ்எஸ் என்று பொறித்ததைப் பார்த்து வாங்குங்கள். அடிசன், டோட்டெம், மிராண்டா எதுவானாலும் சரி. நாற்பது துண்டு கொண்ட மலிவு பெட்டியில் வருவது பெரும்பாலும் கார்பன் ஸ்டீல். உங்களுக்குத் தேவை எம்5, எம்6, எம்8 மூன்றுதான், அவற்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள். மீதி முப்பத்தேழும் துருப்பிடிக்கத்தான் போகிறது.

டூவீலர்_டாக்டர்:
உடைந்த டேப் என்று மேலே ஒருவர் சொன்னார். என்னிடம் வந்த வண்டி ஒன்றில் வேறு யாரோ மரை போட முயன்று, என்ஜின் பக்க மூடியின் அலுமினிய வார்ப்பில் எம்6 டேப்பை ஒடித்துவிட்டிருந்தார்கள், வாய் மட்டத்துக்குக் கீழே. டேப்பைத் துளைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அது டிரில் பிட் அளவுக்கே கெட்டி. பிட் வழுக்கிப் பக்கத்தில் உள்ள அலுமினியத்தைத் தின்றுவிடும்.

அலுமினியம் என்றால் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது: படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதுதான். சுடுநீரில் கரையும் மட்டும் கரைத்து, அதில் பாகத்தை முழுக வைத்துச் சூடாகவே வைத்திருங்கள். இரும்பிலிருந்து நுரை மாதிரிச் சின்னக் குமிழிகள் கிளம்பும், அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது. பல மணி நேரம் ஆகும், எச்எஸ்எஸ் டேப் என்றால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வற்றும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் டேப் கறுத்த சேறாகி உதிரும். கண்ணாடி அல்லது எனாமல் பாத்திரம் எடுங்கள், இரும்புச் சட்டி வேண்டாம், அதையும் அரிக்கும். பாகத்தில் பேரிங், ஸ்டட் எதுவும் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். கிளம்புவது ஹைட்ரஜன், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அந்த மூடியின் மரையும் கெட்டிருந்தது. 6.3-இல் துளைத்து ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுக் கொடுத்தேன், பழைய எம்6 போல்ட்டே ஏறியது.

காவிரிக்கரை:
இரும்பில் உடைந்தால் படிகாரம் உதவாதுதானே?

டூவீலர்_டாக்டர்:
உதவாது, இரண்டுமே கரையும். டேப் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கட்டிங் பிளேயரால் முன்னும் பின்னும் அசைத்து எடுக்கலாம். உள்ளே ஒடிந்தால், டேப்பின் பள்ளங்களில் விரல் விட்டுப் பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் உண்டு, சீவல் இறுகி அடைத்திருந்தால் அந்த விரலே ஒடியும். டேப் கொஞ்சம் பெரிது என்றால் மேலே ஒரு நட்டை வைத்து வெல்டு பிடித்துச் சுற்றுவார்கள். கடைசி வழி ஸ்பார்க் மெஷின், மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெஷின். உங்கள் ஃபிளாட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை, பத்து மி.மீ. தள்ளிப் புது ஓட்டை போடுங்கள்.

டீசல்_பம்ப்:
நடுவில் ஒரு எச்சரிக்கை. பழைய மெஷின் பாகத்தையும் இதில் சேர்ப்பதாக இருந்தால் எல்லாமே மில்லிமீட்டர் என்று எண்ண வேண்டாம். பழைய டீசல் என்ஜின், பழைய லேத் இவற்றில் விட்வொர்த் மரை இருக்கும். 1841-இல் இங்கிலாந்தில் வகுத்தது, கோணம் 55 டிகிரி. இப்போதைய மெட்ரிக்கும் அமெரிக்க யுஎன்சி-யும் 60 டிகிரி. கால் அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 மரை, அதனால் போல்ட் மாறினாலும் ஏறிவிடும். அரை அங்குலத்தில் விட்வொர்த் 12, யுஎன்சி 13. நாலு சுற்று சுகமாக ஏறி, ஐந்தாவதில் இறுகும். அங்கே ஸ்பேனரை நீட்டிப் பலம் கொடுத்தால் இரண்டும் நாசம். பிட்ச் கேஜ் (மரையின் பிட்ச்சைப் பார்க்கும் கருவி) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

இன்னொரு பொறி, கடையில் 'அரை இஞ்ச் டேப்' என்று மட்டும் கேட்டால் பைப் டேப்பைக் கொடுத்துவிடுவார்கள். அரை அங்குல பைப் மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ.! அரை அங்குல போல்ட் 12.7.

நட்டு_போல்ட்டு:
இதில் நான் ஏமாந்ததில்லை, ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பைப் டேப்பை எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்க வந்து நிற்பார்கள்.

காவிரிக்கரை:
ஞாயிற்றுக்கிழமை பில்லர் டிரில் கிடைத்தது. எட்டு எம்6-உம் முடிந்தது. கடைசல் அண்ணன் சொன்ன வழிகாட்டிக் கட்டையும் போட்டு வாங்கிக்கொண்டேன். ஓரத்துண்டில் முதலில் போட்டுப் பார்த்தபோது, கலை மேடம் சொன்ன மாதிரி பின்பக்க கேஜ் வைத்துப் பார்த்தேன். அவர் மெஷினில் 5 பிட் போட்ட ஓட்டையில் 5.1 நுழையவில்லை. கை டிரிலில் போட்ட ஓட்டையில் 5.1 தாராளமாகப் போனது, 5.2 வாயிலேயே நின்றது. அதனால் பில்லர் டிரிலுக்கு 5.1 பிட் எடுத்துக்கொண்டேன். ஃபர்ஸ்ட் டேப் போகும்போது அந்தக் கடக் சத்தம் வருகிறது, தேர்டில் ஏறக்குறைய சத்தமே இல்லை, வெறும் தூள்தான் வந்தது.

ஒரே ஒரு ஓட்டையில் போல்ட் பாதிவரை விரலால் ஏறுகிறது, அப்புறம் ஸ்பேனர் கேட்கிறது. மற்ற ஏழிலும் கடைசிவரை விரலாலேயே போகிறது.

பழைய_பிட்டர்:
தேர்ட் டேப் அந்த ஓட்டையில் மறுபக்கம் வரை முழுசாக வெளியே வந்ததா? சரிவான முனை வெளியே தெரிந்தால் போதாது, முழு மரை நாலைந்து வெளியே வர வேண்டும். இன்னொரு முறை ஓட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் பிரஷ்ஷால் கழுவுங்கள். அடியில் சீவல் ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் பிடிக்கும்.

காவிரிக்கரை:
அதேதான். முனை மட்டும்தான் வெளியே வந்திருந்தது. இன்னொரு முறை ஓட்டினேன், இப்போது விரலால் போகிறது.

மிச்சம் அந்த எம்8 பிளைண்ட் ஹோல். 12 மி.மீ. மரை கடிக்க வேண்டும். எவ்வளவு ஆழம் துளைப்பது?

டூல்ரூம்_கலை:
12-இல் நிறுத்தினால் 12 மரை கிடைக்காது. தேர்ட் டேப்பிலும் முனையில் இரண்டு மரை வரை சரிவு இருக்கும், அது 2.5 மி.மீ. சீவல் விழுவதற்கு நாலு பிட்ச் இடம் விடுங்கள், அது 5. கூட்டினால் 19.5, ஆகவே முழு விட்டத்தில் 20 மி.மீ. ஆழம். பிட் முனையின் கூம்பு 2 மி.மீ. அது கணக்கில் சேராது, ஆக நுனிவரை 22. உங்கள் கம்பி நீளமாகத்தானே இருக்கிறது, ஆழமாகப் போட்டால் நஷ்டம் இல்லை.

பிட்டில் 22 மி.மீ.யில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வையுங்கள். மரை டேப்பிலும் ஒரு அடையாளம், ஓட்டையின் அடியைத் தொடுவதற்கு முன் நிறுத்த. அடியில் முட்டிய பிறகு திருப்புவதுதான் பிளைண்ட் ஹோலில் டேப் ஒடிய முதல் காரணம். ஃபர்ஸ்ட் போட்டதும் கழற்றிக் கம்பியைத் தலைகீழாகத் தட்டிச் சீவலைக் கொட்டுங்கள், செகண்ட் போட்டதும் அப்படியே. காந்தக் குச்சி இருந்தால் இன்னும் சுலபம். அமுக்கக் காற்றில் ஊதினால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் எண்ணெயும் தூளும் நேராகக் கண்ணுக்கு வரும்.

காவிரிக்கரை:
புரிந்தது மேடம். இங்கே இரண்டு கடையில் கேட்டுவிட்டேன், 6.8 பிட் இல்லை. 6.5-உம் 7-உம் இருக்கிறது. எதை வாங்க?

கடைசல்_பட்டறை:
7. ஏறக்குறைய 61 சதவீதம் மரை வரும், 12 மி.மீ. கடித்தால் தாராளம். 6.5 என்றால் 92 சதவீதம், அதுவும் பிளைண்ட் ஹோல், டேப் போய்ச் சேராது.

பழைய_பிட்டர்:
6.8 ஆர்டர் போட்டால் நாலு நாளில் வந்துவிடும். ஆனால் 6.5-ஐ வாங்குவதைவிட 7 மேல்தான், அதில் கடைசல் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.